மிதித்த மண்

யானையினுடையது என்று பிறகு சொல்லப்பட்ட அந்தத் தாடையெலும்பை மண்குழியின் அடியிலிருந்து கயிறு கட்டி இழுத்து மேலே போட்ட மறுநாள் காலையில், அந்தச் செங்கல் சூளையில் குடிசை போட்டிருந்த அத்தனை பேரும், கிழக்கே தலைவைத்துப் படுத்தவர்களும் மேற்கே தலைவைத்துப் படுத்தவர்களும், புருசனுக்கு முதுகு காட்டிப் படுத்தவர்களும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்தவர்களும், வடக்கே தலைவைத்துக் கிடந்து கண் விழித்தார்கள்.

வடக்கே தலைவைத்துக் கிடப்பது ஆகாது என்பது சூளையில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும் என்பதால், முதலில் நீதான் உருட்டிவிட்டாய் என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள், பிறகு இசக்கியம்மனுக்குச் சேவல் நேர்ந்தார்கள், அதுவும் பலிக்காமல் போகவே ஆவுடை என்பவள் தன் புருசன் வண்டிமலையின் காலைப் பழைய சேலையால் குடிசைக் கம்போடு சேர்த்துக் கட்டிப்போட்டாள். விடிந்து பார்த்தால் கட்டிய கால் கட்டிய இடத்திலேயே இருக்க, ஆள் மட்டும் கடிகார முள்ளைப்போலச் சுற்றிவந்து தலையை வடக்கே கொடுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தச் சாமியோ தெரியல, இந்த மனுசனத் திருப்பிட்டு. என்னால இத்தன வருசமா முடியல" என்றாள் ஆவுடை.

உறங்குகிறவர்கள் திரும்பிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் செங்கல் அறுப்பு நிற்கவில்லை. தலை போய் முட்டுகிறது என்று பானைகளை வடக்கு மூலையிலிருந்து எடுத்துத் தெற்கு மூலைக்கு வைத்தார்கள், பாயைப் போடும்போதே பக்கத்துப் பாய்க்காரி சுற்றுவதற்கு இடம் விட்டுப் போட்டார்கள், மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் தலைவைக்க வேண்டியதாயிற்று என்பதில் சில வீட்டில் சண்டை தீர்ந்தது, சில வீட்டில் புதிதாக வந்தது. அப்புறம் ஒருநாள் வண்டிமலை குடித்துவிட்டு மண்குழிக்குள் தவறி இறங்கி, ஏற முடியாமல் அங்கேயே உறங்கிப்போய், தெற்கே தலைவைத்து எழுந்து வந்தான். குழியின் அடியில், யானை கிடந்த நீலக்களிமண்ணில், யார் படுத்தாலும் தலை தெற்கே போகிறது என்று கண்டுகொண்டதும், தெற்கே என்றால் ஆயுசு என்று பாயைச் சுருட்டிக்கொண்டு சூளையே குழிக்குள் குடியிறங்கிவிட்டது. பகலில் மேலே வேலை, இருட்டினால் கீழே உறக்கம். விறகு விலை ஏறுவதுபோல, மேஸ்திரி ஏசுவதுபோல அதுவும் ஒன்றாகிவிட்டது.

பேச்சியம்மாள் மட்டும் கீழே வரவில்லை. குழியின் மேற்குக் கரை மேட்டில், வடக்கே தலை போனால் போகட்டும் என்று அவள் படுத்துக்கொண்டாள். அவள் புருசன் சொரிமுத்து கீழேயிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாயோடு மேலே ஏறி வந்து அவள் பக்கத்திலேயே படுத்தான்.

அந்த மேட்டில் எங்கேயோ அவர்களுடைய பிள்ளை இருந்தது.

போன வருசம், கல் அறுப்பு முடிந்து ஊருக்குப் போக இருந்த நேரத்தில், பேர் வைக்குமுன்னே காய்ச்சல் வந்து, மேஸ்திரி ஞானதுரையின் பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பேச்சியின் மடியில் அடங்கிப்போன பெண்பிள்ளை. பக்கத்து ஊர்க்காரர்கள் வெளியூர்ப் பிணத்துக்கு இடம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், மேற்குக் கரையில் நின்ற சீமைக்கருவேல மரத்தடியில் சொரிமுத்து குழி வெட்டினான். வெட்டிய மண்ணை அப்படியே தள்ளி மூட அவள் விடவில்லை. நாய் பறிக்கும், நரி பறிக்கும், மழை வந்தால் வெடித்துத் திறந்துகொள்ளும். அதனால் அவள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, வெடிப்பு விழாமல் இருக்க உமி போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லுக்கு மிதிப்பதைவிட நன்றாக, காலில் ஒரு கட்டி தட்டாத வரைக்கும் அந்த மண்ணை மிதித்தாள். அச்சுக்குள் அடிப்பதுபோலக் கை கையாக அள்ளி அறைந்து, பிள்ளைக்கு மேலே மண்ணை நிறைத்து, ஈரக்கையால் வழித்துவிட்டாள். பிள்ளைக்குச் செய்வதற்கு அவளிடம் வேறு வேலை எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அடையாளத்துக்கு மரம் இருக்கிறதே என்று கல்கூட வைக்கவில்லை.

மழைக்காலம் ஊரில் இருந்துவிட்டுத் தை மாசம் திரும்பி வந்தபோது மரம் இல்லை. விறகுக்கு வெட்டியிருந்தார்கள். வந்த கையோடு மண் வெட்டும் ஆட்கள் கரையைப் படிபடியாகச் சரித்து முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். மரம் நின்றது சரிந்த பக்கமா, சரியாத பக்கமா, மேஸ்திரிக்கும் தெரியவில்லை, சொரிமுத்துவுக்கும் தெரியவில்லை. அவன் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டான்.

"விடுட்டி. மண்ணுலதான் வச்சோம். மண்ணுலதான் இருக்கும்."

அவள் விடவில்லை, ஆனால் வாய் திறந்து யாரிடமும் கேட்கவுமில்லை. ஆள் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிற பழக்கம் அவளுக்குச் சின்னதிலிருந்தே உண்டு. சித்திரை முடியுமுன்னே ஜேசிபி வந்து மேற்குக் கரை முழுவதையும் எடுத்துவிடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதற்குமுன்னே பிள்ளையைக் கண்டு எடுத்து, ஊருக்குக் கொண்டுபோய், தன் அம்மாவை வைத்த ஓடைக்கரையில் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. கல் அறுக்கும்போதும் சோறு பொங்கும்போதும் அந்த நினைப்பு ஒன்றே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

யானைத் தாடைக்காகப் பட்டணத்திலிருந்து வந்தவர் பியூலா மேடம். காலேஜில் மண்ணைப் பற்றிப் படித்துச் சொல்லிக்கொடுக்கிறவர், ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குழிக்குள் சேறோடு சேறாக நிற்கிறவர். தாடையைச் சாக்கில் சுற்றிக் காருக்குள் வைத்தபிறகும் அவர் போகவில்லை. குழியின் சுவரைக் கீழேயிருந்து மேல்வரைக்கும் கத்தியால் வழுவழுவென்று சீவி, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பியை மண்ணுக்குள் அழுத்தி, திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்து, டப்பியின் முதுகில் வடக்குப் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டு, அப்புறம்தான் அதை அறுத்தெடுப்பார். டப்பிகளை அடுக்கித் தருவதற்கு ஒரு ஆள் கேட்டபோது, பேசாத ஆளாகப் பார்த்துப் பேச்சியை அனுப்பிவைத்தார் மேஸ்திரி.

"அம்பு போட்ட பெறகுதான் அறுக்கணும்மா. அறுத்து எடுத்துட்டு அப்புறம் போட்டோம்னா அது வெறும் மண்ணு. எந்தப் பக்கம் பாத்துக் கெடந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் பியூலா மேடம்.

பேச்சி கேட்டுக்கொண்டாள். கேட்கிற ஆள் கிடைத்ததால் அவர் சொல்லிக்கொண்டே போனார். இந்த இடம் ஒருகாலத்தில் பெரிய குளம். கலங்கின தண்ணீரிலிருந்து மண் மெள்ள அடியில் படியும்போது, அதற்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூசி ஒவ்வொன்றும் வடக்கைப் பார்த்துப் படியும். மேலே மண் விழுந்து அமுக்கினதும் அப்படியே கிடக்கும், எத்தனை லட்சம் வருசம் ஆனாலும். ஆனால் பூமியின் வடக்கும் தெற்கும் எப்போதாவது ஒருதரம் இடம் மாறிக்கொள்ளும். கடைசியாக மாறி ஏழெட்டு லட்சம் வருசம் ஆகிறது. மேல்மண் வடக்கே பார்க்கிறது, நீலக்களிமண் தெற்கே பார்க்கிறது, யானை கிடந்தது தெற்கே பார்க்கிற மண்ணில். அப்படியென்றால் அந்த யானை செத்தது அதற்கும் முந்தி.

"எலும்பக் கேட்டா சொல்லாது. அத மூடிக் கெடக்க மண்ணக் கேக்கணும்."

உறங்குகிறவர்கள் திரும்புவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூடாரத்தில் படுத்து வடக்கே தலையோடு எழுந்தார், குழிக்குள் படுத்துத் தெற்கே தலையோடு எழுந்தார், தலைமுடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "என் மெசினவிட இந்தச் சனங்க சரியாக் காட்டுதாங்க" என்று டிரைவரிடம் சொன்னார். அதைக் கட்டுரையில் எழுதினால் எவரும் அச்சடிக்க மாட்டார்கள் என்பதால் எழுதவில்லை.

சுவர் பாதிக்குமேல் சீவியான பிறகு ஒருநாள், டப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, தலையைக் குனிந்தபடி பேச்சி கேட்டாள்.

"மிதிச்ச மண்ணு?"

மேடத்துக்கு யார் பேசியது என்றே முதலில் தெரியவில்லை.

"மிதிச்சுப் பிசைஞ்சா எல்லாம் கலைஞ்சிரும்மா. ஒரு தூசி இங்க பாக்கும், ஒரு தூசி அங்க பாக்கும். மொத்தத்துல எந்தப் பக்கமும் பாக்காது."

பேச்சி டப்பியைப் பெட்டியில் வைத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் ஆவுடையின் குடிசை வாசலில் போய் நின்றாள். எந்தப் பக்கமும் பார்க்காத மண்ணில் படுக்கிறவர்கள் எந்தப் பக்கமும் திரும்ப மாட்டார்கள் அல்லவா, மேற்குக் கரையில் அப்படி ஒரு இடம் மட்டும்தானே இருக்க முடியும், அதை அவளே தன் காலால் மிதித்தாளே என்று, விட்டு விட்டு, பாதியை முழுங்கிச் சொல்லி முடித்தாள்.

ஆவுடை கையைத் தட்டி எழுந்து, சூளை முழுக்கக் கேட்கிற குரலில் சத்தம் போட்டாள்.

"ஏய், ஞாயித்துக்கிழம யாரும் சந்தைக்குப் போகக்கூடாது. எல்லாரும் மேல வந்து படுக்கணும். வடக்கயாவது தெக்கயாவது, ஒரு நாளுல யாரும் செத்துற மாட்டிய."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். வடக்குக்குப் பயந்து குழிக்குள் குடியிறங்கினவர்கள், கைப்பிள்ளைக்காரிகளும் கிழடுகளும், மேஸ்திரி ஞானதுரையும்கூட, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேற்குக் கரை மேட்டில் ஏறினார்கள். மேகம் போட்டிருந்ததால் வெயில் சுடவில்லை. எல்லாரும் மேற்கே தலைவைத்துப் படுக்க வேண்டும், எழும்போது எவர் தலை மேற்கிலேயே இருக்கிறதோ அவருக்குக் கீழே பிள்ளை இருக்கிறது. ஒரு இடம் விடாமல் பாய்க்குப் பாய் ஒட்டிப் போட்டார்கள்.

"பாத்துப் படுங்க மேஸ்திரி, நீங்க திரும்புதப்ப நாலு பேரு சேந்து உருளணும்" என்று யாரோ சொல்ல, மேஸ்திரியே சிரித்தார்.

"பிள்ளைய எதுல சுத்தி வச்ச?" என்று ஆவுடை கேட்டாள்.

"மஞ்சச் சேலை, மைனி. வளைகாப்புக்கு எடுத்தது. பச்சைக் கரை."

அதைக் கேட்டுக்கொண்டே வண்டிமலை தன் பாயை விரித்தான். விரித்த பாயில் உட்கார்ந்தான், பிறகு படுத்தான்.

பேச்சி படுக்கவில்லை. உண்ட மயக்கத்தில் ஒவ்வொருவராகக் கண் சொருகி, மூச்சு சீராகி, அந்த மேடு முழுவதும் அமைதியானபோது, முதலில் ஒரு கிழவரின் தலை மெள்ள நகர்ந்தது, அப்புறம் பக்கத்துப் பெண்ணின் தலை, அப்புறம் சொரிமுத்துவின் தலை. காற்றுக்குக் கதிர் சாய்வதுபோல வரிசை வரிசையாக, மண்ணில் துணி உரசுகிற சத்தத்தோடு, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து, ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் கெடுக்காமல், அத்தனை பேரும் அவளுக்காக வடக்கே திரும்பினார்கள். அவள் பாய்களுக்கு நடுவே விரலூன்றி நடந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கரையின் விளிம்பில் ஒரு தலை மேற்கிலேயே இருந்தது.

அவள் ஓடிப்போய் முழங்காலிட்டு அந்தப் பாயின் ஓரத்தில் இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் வைத்தாள். பால் வற்றி வருசமாகப்போகிற மார்பு கனத்தது. அப்போதுதான் வண்டிமலையின் கண் திறந்திருப்பதைப் பார்த்தாள்.

"நான் உறங்கலம்மா" என்றான் அவன்.

"ஏன் அண்ணாச்சி?"

அவன் எழுந்து உட்கார்ந்து, விளிம்புக்கு அந்தப் பக்கம், ஒன்றுமில்லாத வெளியைக் கையால் காட்டினான்.

"தை மாசம் மொத வெட்டு நான்தான் வெட்டுனேன். அங்கன. கருவேலத் தூர ஒட்டி. தூரையும் பேத்து வெறகுக்குப் போட்டேன். மம்பட்டி போட்டா வெண்ணெயில போன மாதிரி போச்சு. உமி கலந்து மிதிச்ச மண்ணு. போன வருசம் எவனோ மிச்சம் போட்டுட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன். எல்லாரையும் கூப்பிட்டேம்லா, வாங்க வாங்க, காலுக்கு வேலையில்லாம மண்ணு கெடக்குன்னு. ஒரு மஞ்சத்துணி வந்துச்சு. பச்சைக் கரை. கந்தலுன்னு சுருட்டி எறிஞ்சேன்."

"வேற?"

"வேற நான் பாக்கல. பாத்திருந்தா…"

அந்தத் தை மாசக் காலைவேளை அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பனி விலகாத நேரம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம் என்று பெண்கள் சிரித்துக்கொண்டே சட்டியோடு ஓடியது, அவளும் ஓடியது, கையில் அள்ளும்போது அந்த மண் குளிர்ந்து வழுவழுவென்று இருந்தது, அந்த வருசத்தின் முதல் கற்களை அவள் அதில் அறுத்தது. இப்படி மண்ணு வருசம் பூரா கெடச்சா என்ன மைனி என்று ஆவுடையிடம் சொன்னாளே. அன்று முழுவதும் அவள் பேசின பேச்சு அது ஒன்றுதான்.

சுற்றிலும் எல்லாரும் வடக்கே தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யார்ட்டயும் சொல்லாதிய அண்ணாச்சி" என்றாள் பேச்சி. "எல்லாரும் அள்ளியிருக்காவ. எல்லாருக்கும் பிள்ளை இருக்கு."

முதலில் ஆவுடை விழித்தாள். புருசனின் தலை மேற்கே இருந்ததையும் பேச்சி அங்கே முழங்காலிட்டிருப்பதையும் பார்த்ததும், பாயெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் சத்தத்தில் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சொரிமுத்து மண்வெட்டியோடு வந்தான்.

"இங்கனதானா?"

அவள் தலையைக் குனியவில்லை. அத்தனை பேரையும் பார்த்து, அவர்களில் எவருடைய காலையும் பார்க்காமல், முகங்களை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"இங்கனதான் இருக்கா."

சொரிமுத்து மண்வெட்டியை ஓங்கினான். அவள் அவன் கையைப் பிடித்தாள். "வேண்டாம். எடுக்க வேண்டாம். உறங்கட்டும்."

ஆவுடை வண்டிமலையின் முதுகில் செல்லமாக ஒரு அடி போட்டாள். "இந்த மனுசன் படுத்துக் கெடந்தே ஒரு நல்லது செஞ்சிருக்காரு பாரேன்." வண்டிமலை வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு குழிப்பக்கம் இறங்கிப் போனான். சந்தோசத்தில் அழுகிறான் என்றார்கள்.

ஜேசிபி வந்து மேற்குக் கரையை எடுத்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் மேஸ்திரி நின்று பார்த்து, ஒரு பாய் அகலத்துக்கு விட்டுவைக்கச் சொன்னார். சுற்றிலும் மண் போனபிறகு அது குழியின் நடுவே ஒற்றைத் தூணாக, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் காலடியில் பெண்கள் கிண்ணத்தில் பால் வைத்தார்கள். பிள்ளையில்லாத ஒருத்தி அதற்குச் சின்னத் தொட்டில் கட்டினாள். கல் ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் தூரத்திலிருந்தே ஹாரனை நிறுத்திக்கொண்டார்கள். சொரிமுத்து சாயங்காலங்களில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுது, அழுது முடித்து, வயிறு பசிக்க ஆரம்பித்து, இரண்டாம்தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டான். பேச்சி போட்டாள்.

தாடையெலும்பு பட்டணம் போனபிறகும் உறங்குகிறவர்கள் திரும்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பேச்சி மட்டும் திரும்புவதில்லை. மேட்டுமண்ணில் படுத்தாலும் நீலக்களிமண்ணில் படுத்தாலும், தலையை எங்கே வைத்தாளோ அங்கேயே விடிகிறவரைக்கும் கிடந்தாள்.

"மனசு ஆறிட்டு ஒனக்கு. அதான்" என்றாள் ஆவுடை.

கடைசி டப்பிகளை எடுத்துப்போக பியூலா மேடம் ஒருதரம் வந்தார். எல்லாப் பக்கமும் திறந்து நிற்கிற மண்தூண் அவருக்கு நல்ல வசதி. கத்தியை எடுத்து அதன் முகத்தைச் சீவப்போனவர் நிறுத்திவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் நூல் நூலாக மண்வரிகள், நெசவு கலையாத துணியைப்போல, ஒரு இடத்தில்கூட அறுபடாமல் ஓடின. அவர் பால் கிண்ணத்தைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், பக்கத்தில் டப்பிப் பெட்டியோடு நிற்கிறவளைப் பார்த்தார்.

"பேச்சி, இந்த மண்ண யாரும் தொட்டதே இல்லம்மா."

"தெரியும் மேடம்."

களத்தில் கல் அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சுட்ட மண்ணு?" என்று கேட்டாள் பேச்சி.

பியூலா மேடம் கத்தியைக் கீழே வைத்தார். சொல்ல வேண்டாம் என்றுதான் அவருக்கு இருந்தது. ஆனால் கேட்கிறவள் பதில் வாங்காமல் போகமாட்டாள் என்று தெரிந்தது.

"சூளச் சூட்டுல எல்லாத்தயும் மறந்துரும்மா. குளம், வடக்கு, தெக்கு, மிதிச்ச காலு, எதுவும் இருக்காது. பெறகு ஆறும்போது அன்னைக்கு இருக்கதப் புதுசாப் பிடிச்சுக்கும். பிடிச்சா விடாது."

"சூள ஆறுத அன்னைக்கா?"

"ஆமா. ஆறுத அன்னைக்கு."

அந்த நாளும் பேச்சிக்கு ஞாபகம் இருந்தது. அந்த வருசத்து முதல் சூளை, அந்த மண்ணில் அறுத்த முதல் கற்கள் வெந்தது. மாசிப்பனி. எரித்து முடித்து வாய் மூடி, சூளை உள்ளுக்குள்ளே ஆறிக்கொண்டிருந்த காலையில், எல்லாரும் டீக்கடைக்குப் போயிருக்க, கல் சுமந்த வலி தாங்காமல் அவள் மட்டும் போய் வெதுவெதுப்பான அந்தச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண் எதிரே மேற்குக் கரை தெரிந்தது. மரம் எங்கே நின்றது, பிள்ளை எங்கே இருக்கிறது என்று அந்தக் கரையையே வெறித்துக்கொண்டிருந்தாள், ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல். உள்ளே ஆறிக்கொண்டிருந்தது எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால், அது பிடித்துக்கொண்டது அவள் முதுகைத்தான்.